ஒரு கார்பன் குறைந்தால்

கட்லா மீனின் தலையை வெட்டிக் குழம்புக்குப் போடுகிறோம். அதற்குள் இருக்கும் ஒரு சிறு குழியைப் பார்த்தவர்கள் குறைவு. மண்டையோட்டின் மேல்மூடியைக் கத்தியால் சீவி எடுத்தால், வெண்ணெய் போன்ற கொழுப்புக்கு நடுவே வெளிறிய மூளை தெரியும். கொழுப்பைப் பஞ்சால் ஒற்றிவிட்டு, மூளையை மெல்லத் தூக்க வேண்டும். அடியில், எலும்புத் தரையில், அந்தக் குழி. மெல்லிய சவ்வு ஒன்று அதை மூடியிருக்கும். சவ்வை ஊசிமுனையால் கிழித்தால் உள்ளே வெள்ளையாக ஒரு சிறு உருண்டை. அதுதான் பிட்யூட்டரி சுரப்பி. கை பதறினால் நசுங்கிவிடும், நசுங்கினால் பயனில்லை.

இந்த உருண்டைகளைச் சேர்த்து நீர் கலக்காத ஆல்கஹாலில் போட்டு வைப்பார்கள். தேவைப்படும்போது அரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, சினை முற்றிய மீனின் வால்பக்கச் சதையில் ஊசியாகப் போடுவார்கள். பெண் மீனுக்கு எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் சுரப்பி; ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு ஊசி, 5 முதல் 8 மில்லிகிராம். அதன் பிறகு சில மணி நேரத்தில், இரவோடு இரவாக, தொட்டித் தண்ணீர் கலங்கும். விடிந்து பார்த்தால் லட்சக்கணக்கில் முட்டைகள்.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் இந்திய கெண்டை இனத்தில் இதைச் செய்து காட்டினார்கள். பிரேசிலில் 1930களிலேயே பிட்யூட்டரி ஊசியால் மீன்களை முட்டையிட வைத்திருந்தார்கள். நம் கெண்டைகளுக்கு அது பலித்தது அன்றுதான். அதுவரை கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வேண்டுமென்றால் மழைக்கால வெள்ளத்தில் ஆற்றோரம் வலை கட்டிப் பிடிக்க வேண்டும். எந்த மீனின் குஞ்சு எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் கலந்து வரும். இன்று நாட்டில் ஜூலை 10 மீன் வளர்ப்போர் நாள். தமிழ்நாட்டுக் குளங்களில் வளரும் கட்லாவும் ரோகுவும் அந்த ஊசியின் வாரிசுகள்தான்.

எனக்கு இந்தக் கதையில் நீண்ட நாளாகத் தொக்கி நின்றது ஒரு கேள்வி. ஊசி போடப்படும் மீனுக்கும் தலைக்குள் பிட்யூட்டரி இருக்கிறதே? வயிறு புடைக்கச் சினை இருக்கிறது. முட்டையை முற்றவைத்து வெளியேற்றும் எல்எச் என்ற ஹார்மோன் அதன் சொந்தச் சுரப்பியில் நிரம்பிக் கிடக்கிறது. தன்னிடமே இருக்கும் சரக்கை இன்னொரு மீனின் தலையிலிருந்து ஏன் கடன் வாங்க வேண்டும்?

விடை தங்கமீனில் கிடைத்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பீட்டரும் அவருடைய குழுவினரும் தங்கமீனின் மூளையில், பிட்யூட்டரிக்கு மேலே உள்ள ஹைப்போதலாமஸை ஒட்டிய ஒரு சிறு பகுதியைச் சிதைத்துப் பார்த்தார்கள். சிதைத்தால் முட்டையிடுவது நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாறாக, எல்எச் மடை திறந்தது போல் ரத்தத்தில் கொட்டியது. அந்த இடத்திலிருந்து பிட்யூட்டரிக்கு வரும் நரம்புகள் எல்எச்சைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தன. தடுக்கும் பொருள் டோபமின். மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள் என்று நாம் கேள்விப்படும் அதே டோபமின், மீனின் பிட்யூட்டரியில் காவலாளி வேலை பார்க்கிறது. மழையும் புதுவெள்ளமும் வரும்போது காவல் தளரும். தேங்கிய குளத்தில் அந்தச் சைகை வருவதில்லை, கதவு திறப்பதில்லை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு ஊசியே மாறிவிட்டது. இப்போது குஞ்சு உற்பத்தி நிலையங்களில் பரவலாகப் போடும் ஓவாபிரிம் மருந்தில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, எல்எச்சை வெளியே வரச்சொல்லும் மூளை ஹார்மோனின் செயற்கை வடிவம். இன்னொன்று டாம்பெரிடோன், வாந்திக்கு மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே மருந்து. அது டோபமின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காவலாளியின் சொல் சுரப்பியின் காதில் விழாது. ஒரே ஊசி போதும்.

சரி, டோபமினை எவ்வளவு ஆக்க வேண்டும் என்று அந்த நரம்புகளுக்கு யார் சொல்வது? இங்கேதான் பாலின ஹார்மோன்கள் நுழைகின்றன. நுழையும் வாசல் நொதி.

டோபமின் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாகிறது. அந்தப் பாதையில் முதல் படியை நடத்துவது டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி. மற்ற படிகள் வேகமாக ஓடும். இந்த ஒரு படிதான் மெதுவானது. ஆகவே இந்த நொதி எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதுதான் டோபமின் அளவைத் தீர்மானிக்கும். பிரான்சில் வானவில் டிரவுட் மீனை ஆராய்ந்தவர்கள், பிட்யூட்டரியைக் காவல் காக்கும் அந்த டோபமின் நரம்பணுக்களுக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருப்பதைக் கண்டார்கள். சினைப்பையை நீக்கினால் டோபமின் புழக்கம் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனான எஸ்ட்ராடியாலைத் திருப்பிக் கொடுத்தால் கூடுகிறது. அதாவது வளரும் சினையிலிருந்து ரத்தத்தில் கசியும் ஹார்மோன் மூளைக்குப் போய், 'இன்னும் நேரமாகவில்லை, பூட்டை இறுக்கு' என்கிறது.

நம் நாட்டிலும் இந்தத் திசையில் அருமையான வேலை நடந்தது. சேற்றில் கிடக்கும் தேளி மீனைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அதன் முள் குத்தினால் பெயருக்கு ஏற்றபடி கடுக்கும். 1990களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. பி. ஜாயும் பி. செந்தில்குமரனும் இந்தத் தேளியின் ஹைப்போதலாமஸை எடுத்துக்கொண்டார்கள். டோபமின் குடும்பத்துச் சேர்மங்களும் அவற்றைக் கையாளும் நொதிகளும் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன, சினைப்பையை நீக்கினால் என்ன ஆகிறது, எஸ்ட்ராடியால் கொடுத்தால் என்ன ஆகிறது என்று அளந்தார்கள். ஒரு மீனின் ஹைப்போதலாமஸ் எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பார்த்தால், அந்த அளவீட்டின் பின்னால் உள்ள பொறுமை புரியும்.

இதுவரை சொன்னது பாதிக் கதை. எஸ்ட்ராடியால் சினைப்பையில் உண்டாகி மூளைக்குப் போகிறது என்று மட்டும் எழுதிவிட்டால் அது பெரிய பிழை. மூளை தனக்கு வேண்டிய எஸ்ட்ராடியாலைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூறில் 19 கார்பன் அணுக்கள். எஸ்ட்ராடியாலில் 18. இரண்டுக்கும் நடுவே நிற்பது அரோமட்டேஸ் என்ற நொதி. டெஸ்டோஸ்டிரோனின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கார்பனை அது மூன்று தடவையாக, மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் செலவழித்து, கழற்றி எடுக்கிறது. கழன்ற கார்பன் ஃபார்மிக் அமிலமாக வெளியேறுகிறது. சில வகை எறும்புகள் கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்த அமிலம். மிச்சமுள்ள மூலக்கூறின் ஒரு வளையம் தட்டையாகி உறுதிப்படுகிறது. உடலுக்குள் இந்தப் பாதை ஒருவழிப் பாதை. எஸ்ட்ராடியாலை மறுபடி டெஸ்டோஸ்டிரோனாக ஆக்கும் நொதி நம்மிடம் இல்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'ஆண் ஹார்மோன்', 'பெண் ஹார்மோன்' என்ற சொற்களை அலட்சியமாகப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. எந்தப் பெண்ணின் உடலில் ஊறும் எஸ்ட்ராடியாலும் அதற்கு முந்தைய நொடிவரை 'ஆண் ஹார்மோன்' வகையில்தான் இருந்தது. எந்த ஆணின் மூளையிலும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு எஸ்ட்ராடியாலாகித்தான் தன் வேலையைச் செய்கிறது. ரத்தத்தில் எது ஓடுகிறது என்பதோடு, போய்ச் சேரும் இடத்தில் எந்த நொதி காத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மூளையில் அரோமட்டேஸ் இருக்கிறது என்பதை 1970களின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் நாஃப்டோலினும் கென்னத் ரயனும் அவர்களுடைய சகாக்களும் காட்டினார்கள். முதலில் மனிதக் கருவின் மூளைத் திசுவில், பிறகு எலியின் ஹைப்போதலாமஸில். அளவு மிகச் சொற்பம். மீனுக்கு வந்தபோதுதான் எல்லாரும் அசந்துபோனார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் குளோரியா காலர்டும் அவருடைய குழுவும் எலும்பு மீன்களின் மூளையில் அளந்த அரோமட்டேஸ் செயல்பாடு, பாலூட்டிகளின் மூளையில் இருப்பதைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு. தங்கமீனின் பிட்யூட்டரியிலும் அது இருந்தது. ஆண்டு முழுவதும் ஒரே அளவாகவும் இல்லை. இனப்பெருக்கப் பருவத்தோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

ஏன் இத்தனை? காரணத்தின் ஒரு பகுதி மரபணுவில் இருக்கிறது. மனிதருக்கு அரோமட்டேஸ் மரபணு ஒன்றுதான். எலும்பு மீன்களின் மூதாதையில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், மரபுத்தொகுதி முழுவதுமே இரட்டிப்பானது. அப்போது கிடைத்த இரண்டு பிரதிகளில் ஒன்று பெரும்பாலும் சினைப்பையில் வேலை செய்கிறது. மற்றது மூளைக்கென்று ஒதுங்கிவிட்டது. மூளைப் பிரதியின் முகப்பில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வந்து அமர ஓர் இடம் உண்டு. விளைவு என்ன? அரோமட்டேஸ் எஸ்ட்ராடியாலை ஆக்குகிறது. அந்த எஸ்ட்ராடியால் மரபணுவைத் தட்டி எழுப்பி இன்னும் அரோமட்டேஸை ஆக்கச் சொல்கிறது. தன் விளைபொருளாலேயே பெருகும் நொதி இது. உடலில் பெரும்பாலான நொதிகள் விளைபொருள் சேரச் சேர அடங்கும். அந்த வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

இந்த நொதி எந்த அணுக்களில் இருக்கிறது என்பது 2001இல் தெளிவானது. கலிஃபோர்னியக் கடலோரத்தில் மிட்ஷிப்மேன் என்றொரு மீன் உண்டு. கோடை இரவுகளில் ஆண் மீன் பாறையடியில் கிடந்து துணையை அழைக்கும் முனகல், படகு வீடுகளில் தூங்குபவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பலமானது. அதன் மூளையில் தேடியபோது, அரோமட்டேஸ் நரம்பணுக்களில் இல்லை. மூளையின் உட்குழிகளை ஒட்டி நின்று, நீண்ட காலை நீட்டி மூளையின் வெளி ஓரத்தைத் தொடும் ஆரக் கிளியா அணுக்களில் இருந்தது. மீன் சாகும்வரை புதுப்புது நரம்பணுக்களைப் பெற்றெடுப்பவை இந்த அணுக்கள்தான். நொதியும் நரம்பணுப் பிறப்பும் ஒரே அணுவில் இருப்பது தற்செயல் என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது.

இப்போது பிட்யூட்டரிக்குத் திரும்பலாம். பருவமடையாத டிரவுட் மீனின் பிட்யூட்டரியில் எல்எச் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதற்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால், சுரப்பி எல்எச்சைச் சேமிக்கத் தொடங்கும். எஸ்ட்ராடியால் கொடுத்தாலும் அப்படியே. அரோமட்டேஸால் மாற்ற முடியாத வேறோர் 'ஆண் ஹார்மோனை'க் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. 1980களின் தொடக்கத்தில் வெளியான இந்தச் சோதனை எளிமையானது, ஆனால் அசைக்க முடியாதது. டெஸ்டோஸ்டிரோன் ஒரு விதைநெல், முளைக்கவைப்பது நொதி.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே எஸ்ட்ராடியால், பிட்யூட்டரியில் எல்எச்சைக் குதிருக்குள் கொட்டி நிரப்புகிறது. ஹைப்போதலாமஸில் டோபமினைக் கூட்டி அந்தக் குதிருக்குப் பூட்டுப் போடுகிறது. முட்டை முற்றும்வரை சேமிப்பு, செலவில்லை. குளத்தில் வயிறு புடைத்து நிற்கும் கட்லா இந்த நிலையில் மாட்டிக்கொண்ட மீன். சுரப்பி காலியாக இல்லாததால்தான் பூட்டைத் திறக்கும் ஓவாபிரிம் வேலை செய்கிறது.

மரபணுவை எழுப்பி நொதியைக் கூட்டுவதற்கு மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆகும். ஜப்பானியக் காடை அதைவிட வேகமான வழி ஒன்றையும் காட்டியது. காயடித்த ஆண் காடையின் மூளையில் அரோமட்டேஸ் வற்றிப்போகும். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் சில நாட்களில் மீளும். இது பழைய பாதை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஜாக் பால்தசாரின் குழு, இதே நொதி சில நிமிடங்களிலேயே அடங்கவும் எழும்பவும் கூடும் என்று கண்டது. நரம்பணு தூண்டப்பட்டுக் கால்சியம் உள்ளே பாய்ந்தால், நொதியின் மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது, நொதி முடங்குகிறது. பாஸ்பேட் கழன்றால் மறுபடி ஓடுகிறது. ஆண் காடை பெண் காடையைப் பார்த்துக் கூடும் சில நிமிடங்களுக்குள் இந்த ஏற்ற இறக்கம் நடந்து முடிகிறது. ஒரு ஹார்மோன் நரம்புச் சைகையின் வேகத்தில் வேலை செய்ய இதுவே வழி.

எலியில் கதை இன்னும் நுட்பமாகிறது. பிறக்கும் சமயத்தில் ஆண் எலிக்குட்டியின் விரைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் பொங்கி மூளைக்குப் போகிறது. அங்கே அரோமட்டேஸ் அதை எஸ்ட்ராடியாலாக்குகிறது. அந்த எஸ்ட்ராடியால்தான் மூளையை ஆண் மூளையாக வடிக்கிறது. அப்படியானால் தாயின் எஸ்ட்ராடியாலால் பெண் குட்டிகளின் மூளையும் மாறிவிடாதா? கருவின் ரத்தத்தில் ஓடும் ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மூளைக்குள் விடுவதில்லை. டெஸ்டோஸ்டிரோனை அது பிடிப்பதில்லை. ஆகவே ஆண் குட்டியின் மூளைக்குள் எஸ்ட்ராடியால், டெஸ்டோஸ்டிரோன் என்ற வேடத்தில் நுழைகிறது.

நுழைந்த பிறகு என்ன செய்கிறது? மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மெக்கார்த்தி இதை விடாமல் துரத்தினார். 2004இல் ஸ்டூவர்ட் அமட்டோவும் அவரும் காட்டியது: எஸ்ட்ராடியால் மூளையின் ஒரு பகுதியில் காக்ஸ்-2 என்ற நொதியை உயர்த்துகிறது. மூட்டு வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அடக்குவது இந்த நொதியைத்தான். அது ஆக்கும் புரோஸ்டகிளாண்டின் நரம்பணுக் கிளைகளில் சிறுசிறு மொட்டுகளை முளைக்க வைக்கிறது. பிறந்த பெண் குட்டியின் மூளையில் அந்தப் புரோஸ்டகிளாண்டினைச் செலுத்தினால், வளர்ந்தபின் அது ஆண் எலியைப் போல் நடந்துகொண்டது. 2015இல் இன்னொரு நொதி வெளிப்பட்டது. டிஎன்ஏ மீது மீத்தைல் முத்திரை குத்தி மரபணுக்களை வாயடைக்கும் நொதிகளின் செயல்பாட்டை எஸ்ட்ராடியால் குறைக்கிறது. காலக்கெடு முடிந்துவிட்டது என்று கருதப்பட்ட பெண் குட்டிகளில் அந்த நொதிகளை மருந்தால் தடுத்தபோது, அவற்றின் மூளை ஆண் திசைக்குத் திரும்பியது. பெண் மூளை சும்மா இருந்தால் தானாக வருவது என்ற பழைய எண்ணத்தை இது உடைத்தது. அதையும் ஒரு நொதி ஓயாமல் காவல் காக்கிறது.

எலியை அப்படியே மனிதருக்குத் தூக்கி வைக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனிதக் கருவின் ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் எஸ்ட்ராடியாலை அப்படிப் பிடிப்பதில்லை. பிறவியிலேயே அரோமட்டேஸ் இல்லாத ஆண்கள் தங்களை ஆண்களாகவே உணர்கிறார்கள். அவர்களுடைய எலும்புகள்தான் வளர்முனை மூடாமல் வளர்ந்துகொண்டே போகின்றன. மனித மூளையில் டெஸ்டோஸ்டிரோனின் நேரடி வேலைக்கே பங்கு அதிகம் என்று இவை காட்டுகின்றன.

ஆனால் மனிதரிலும் இந்த நொதிக்கும் பிட்யூட்டரிக்கும் உள்ள உறவை மருத்துவமனைகளில் தினமும் பார்க்கலாம். சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லி, குழந்தைக்காக வரும் பெண்ணுக்கு மாதவிலக்கான மூன்றாம் நாள் போல ஐந்து நாளைக்கு லெட்ரோசோல் மாத்திரை எழுதுகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து அது. அரோமட்டேஸைத் தடுப்பது அதன் வேலை. எஸ்ட்ராடியால் இறங்குகிறது. மூளையும் பிட்யூட்டரியும் அதைத் தட்டுப்பாடாக எடுத்துக்கொண்டு எஃப்எஸ்எச் ஹார்மோனை அதிகமாக அனுப்புகின்றன. சினைப்பையில் ஒரு முட்டை முற்றுகிறது. அதற்குள் மாத்திரை உடலைவிட்டுப் பெரும்பாலும் போயிருக்கும். அமெரிக்காவில் இந்தச் சிக்கல் உள்ள 750 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம். கட்லாவுக்குப் போடும் டாம்பெரிடோனும் பெண்ணுக்குத் தரும் லெட்ரோசோலும் செய்வது ஒரே காரியம்: பிட்யூட்டரியின் மேலிருக்கும் பிடியைத் தளர்த்துவது.

பிடியைத் தெரியாமல் இறுக்கினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு ஏரி சொல்லியிருக்கிறது. கருத்தடை மாத்திரைகளில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன், எதினைல் எஸ்ட்ராடியால், சிறுநீர் வழியாக ஆறுகளுக்குப் போகிறது. கனடாவின் ஒண்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றில், 2001 முதல் மூன்று கோடைகளில் கேரன் கிட்டின் குழு அதைக் கலந்தது. லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். ஆண் மீன்கள் முட்டைக்கரு புரதத்தை ஆக்கத் தொடங்கின. அங்கிருந்த சிறு மின்னோ மீன் இனம் சில ஆண்டுகளில் ஏரியைவிட்டு மறைந்துபோகும் நிலைக்கு வந்தது.

இத்தனை சிறிய அளவைத் தண்ணீரில் எப்படிக் கண்டுபிடிப்பது? மீனின் அரோமட்டேஸையே சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். வரிக்குதிரை மீனின் மூளை அரோமட்டேஸ் மரபணுவின் முகப்பை எடுத்து, பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவோடு இணைத்துவிட்டார்கள். 2021 முதல் இது சர்வதேச அங்கீகாரம் பெற்ற சோதனை முறை. கருவுற்ற முட்டைகளைச் சந்தேகத்துக்குரிய பொருள் கலந்த தண்ணீரில் நான்கு நாள் விடுகிறார்கள். குஞ்சு அரிசிமணி நீளம்கூட இருக்காது. உடல் கண்ணாடி போலத் தெரியும். நுண்ணோக்கியில் அதன் தலையைப் பார்க்கிறார்கள். தண்ணீரில் ஈஸ்ட்ரோஜனைப் போல் நடிக்கும் பொருள் இருந்தால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டி, ஆரக் கிளியா அணுக்கள் நிற்கும் இடத்தில், பச்சை ஒளி எரியும்.